தேனிலவுத் தீவில் அக்காவும் நானும்

தூத்துக்குடிக்காரர்களுக்கு மாலத்தீவு முதலில் அறிமுகமானது சுற்றுலாத் தலமாக அன்று, சரக்குப் போகும் ஊராகத்தான். பழைய துறைமுகத்தில் நிற்கும் தோணிகளில் வெங்காய மூட்டையும் காய்கறியும் கருங்கல் ஜல்லியும் ஏறிக்கொண்டிருக்கும். எங்கே போகிறது என்று கேட்டால், கொழும்பு அல்லது மாலே என்று பதில் வரும். எங்கள் அப்பா அந்தத் தோணிகளுக்குச் சரக்குச் சேர்த்துக் கொடுக்கும் தொழிலில் இருந்தவர். மாலே என்ற பெயரை அவர் உச்சரித்த விதத்தில், அது திருச்செந்தூருக்கு அடுத்த ஊர் போலவே எங்களுக்குப் பட்டது. உண்மையில் நேர்கோட்டில் சுமார் 700 கிலோமீட்டர், பெரிய தூரமில்லை. முதலாம் ராஜராஜனின் மெய்க்கீர்த்தி, அவன் கைக்கொண்ட நாடுகளில் ஒன்றாக 'முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம்' என்பதைச் சொல்கிறது. அது மாலத்தீவைக் குறிப்பதாகவே வரலாற்றாசிரியர்கள் பொதுவாகக் கொள்கிறார்கள். இன்றைய கணக்கில் 1,192 தீவுகள்தான் இருக்கின்றன. அதைப் பன்னீராயிரமாக்கும் உரிமை மெய்க்கீர்த்தி எழுதியவருக்கு உண்டு.

அக்கா வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபோது, காசிக்கும் போகமாட்டேன், சிங்கப்பூருக்கும் போகமாட்டேன், அப்பா சரக்கு அனுப்பிய ஊரைப் பார்க்க வேண்டும் என்றாள். நானோ, போவது என்று ஆன பிறகு தனித்தீவு விடுதி ஒன்றில் சில நாட்களாவது தங்கிவிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். விலையைக் கேட்டதும் அக்கா அதைத் தூத்துக்குடி வீட்டு வாடகைக்கு மாற்றிக் கணக்குப் போட்டாள். ஓர் இரவுக் கட்டணத்தில் ஒரு குடும்பம் பல மாதம் வாடகை கட்டி இருக்கலாம் என்பது அவள் கண்டுபிடிப்பு. இறுதியில் தென்மேற்குப் பருவம்தான் எங்களைச் சேர்த்துவைத்தது. மே முதல் அக்டோபர் வரை மாலத்தீவில் மழையும் காற்றும் உள்ள காலம் என்பதால் விடுதிகள் கட்டணத்தைக் கணிசமாகக் குறைக்கின்றன. அதே காலத்தில்தான் பா அடோல் என்ற பவளத்தீவு வட்டத்தில் 'மான்டா' எனப்படும் கொம்புத் திருக்கைகள் கூட்டமாக வருகின்றன. மழையில் நனைவது பற்றி எங்களுக்குப் புகார் எதுவும் இல்லை. எனவே பா அடோலில் ஒரு விடுதியைத் தேர்ந்தெடுத்தோம். அதன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நான் சொல்ல வருவது அந்த ஒரு விடுதியைப் பற்றி மட்டுமன்று.

திருவனந்தபுரத்திலிருந்து மாலேக்கு விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். விமான நிலையமே ஹுல்ஹுலே என்ற தனித் தீவில் இருக்கிறது. அங்கிருந்து பா அடோலுக்குக் கடல் விமானம். சக்கரங்களுக்குப் பதிலாக மிதவைகள் பொருத்திய ட்வின் ஆட்டர் வகை விமானங்கள், பதினைந்து பேர் அளவில் ஏற்றிக்கொண்டு, கண்பார்வையை நம்பிப் பகலில் மட்டுமே பறக்கின்றன. பிற்பகல் தாண்டி மாலேயில் இறங்குபவர்கள் அன்றிரவு அங்கேயே தங்க நேரிடும் என்பதை முன்பதிவு செய்யும்போதே கவனிக்க வேண்டும். விமானிகள் வெறுங்காலுடன் விமானம் ஓட்டுவதைப் பார்த்ததும் அக்காவுக்கு அவர்கள்மேல் நம்பிக்கை வந்துவிட்டது. தோணிக்காரர்களும் அப்படித்தானே என்றாள்.

அரைமணி நேரப் பறப்பில் கீழே தெரிவதை வர்ணிக்க எத்தனையோ பேர் முயன்றிருக்கிறார்கள். நான் அதன் காரணத்தை மட்டும் சொல்கிறேன். நடுவில் வெளிர்நீலக் காயல், சுற்றிலும் பவளப்பாறை விளிம்பு, அந்த விளிம்பின் மேல் அங்கங்கே மரம் முளைத்த மணல் திட்டு என்று அமைந்த இந்த வட்டங்கள், கடலில் மெல்ல அமிழ்ந்த எரிமலைகளைச் சுற்றிப் பவளங்கள் மேல்நோக்கி வளர்ந்ததால் உண்டானவை என்று சார்லஸ் டார்வின் 1842இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். மாலத்தீவின் அடியில் கிடக்கும் அந்த எரிமலைப் பாறையும், மகாராஷ்டிரத்தின் தக்காணக் கரும்பாறைப் படிவும், பூமிக்குள் இருந்த ஒரே சூடான ஊற்றிலிருந்து வெவ்வேறு காலங்களில் வெளிவந்தவை என்பது நிலவியலாளர் முடிவு. இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்துகொண்டே போக, ஊற்று நின்ற இடத்திலேயே நின்று, முதலில் தக்காணத்தையும் பின்னர் இந்தத் தீவுத் தொடரின் அடித்தளத்தையும் கக்கியிருக்கிறது. எரிமலைகள் எப்போதோ மூழ்கிவிட்டன. மேலே மிஞ்சியிருப்பது கடல் மட்டத்திலிருந்து சராசரியாக ஒன்றரை மீட்டர் உயரமுள்ள மணல்தான்.

அந்த உயரத்தைக் கேட்டதும் அக்கா கேட்ட கேள்வி இதுதான்: "ஏட்டி, சுனாமி வந்தா இங்க எங்க ஓடுறது?" நியாயமான கேள்வி. 2004 டிசம்பரில் மாலத்தீவில் எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சில தீவுகள் குடியிருக்க முடியாதபடி கைவிடப்பட்டன. ஆனால் தாழ்ந்த நிலத்தைப் பார்த்தால் இழப்பு அதைவிடப் பன்மடங்கு இருந்திருக்க வேண்டும். அடோல்களின் வெளிப்பக்கம் செங்குத்தாக ஆழ்கடலுக்குள் இறங்குவதால், நாகப்பட்டினத்தைப் போன்ற சரிவான கடலடியில் அலை உயர்ந்து எழுவதுபோல் அங்கே எழ இடமில்லை. நீர் பெருகித் தீவின் மேல் ஏறிக் கடந்துபோயிற்று. இந்த விளக்கம் அக்காவை முழுமையாக அமைதிப்படுத்தியது என்று சொல்லமாட்டேன்.

கடலில் கட்டிய மிதக்கும் மேடையில் விமானம் எங்களை இறக்கிவிட்டது. விடுதியின் படகு வந்து அழைத்துப்போனது. தீவில் கால் வைத்ததும் செருப்பை வாங்கி ஒரு பையில் போட்டுக் கட்டிவிட்டார்கள். பிறகு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கச் சொன்னார்கள். மாலேயில் ஒரு நேரம், இந்தத் தீவில் வேறொரு நேரம். விருந்தினர்களுக்கு மாலை வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்க வேண்டும் என்பதற்காகப் பல விடுதித் தீவுகள் இப்படிச் செய்கின்றன. நாட்டின் நேரத்தைக்கூட வாசலில் விட்டுவிட்டு வரச் சொல்லும் இந்த ஏற்பாட்டில்தான் அந்த இடத்தின் மொத்தக் கொள்கையும் அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

அறையைத் திறந்தால் படுக்கையில் சிவப்பு இதழ்களால் இதய வடிவம், அதன் மேல் துண்டில் மடித்த இரண்டு அன்னங்கள். முன்பதிவில் இருவர் என்று இருந்ததால் தம்பதியர் என்று எண்ணிவிட்டார்களாம். நாங்கள் உடன்பிறந்தவர்கள் என்றதும் அன்னங்களை எடுத்துக்கொண்டு போய், சற்று நேரத்தில் துண்டில் செய்த யானையைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஆனால் அறையை மாற்றியமைக்க முடியாதே! குளியலறைக்குக் கதவு கிடையாது. குளிக்கும் தொட்டி படுக்கையைப் பார்த்தபடி கண்ணாடிச் சுவருக்கு அப்பால் இருந்தது. தனித்தீவு விடுதிகளில் பெரும்பாலானவை புதுமணத் தம்பதியரை மனத்தில் வைத்தே கட்டப்பட்டிருக்கின்றன. அம்மாவையோ அக்காவையோ அழைத்துப்போகிறவர்கள் அறையின் படங்களை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொள்வது நல்லது. அக்கா தன் சேலை ஒன்றைத் திரையாகக் கட்டினாள். அறையைத் துப்புரவு செய்ய வந்த இளைஞர் மறுநாள் முதல் அந்தச் சேலையையும் நேர்த்தியாக மடித்து வைத்துவிட்டுப் போனார்.

இந்தத் தனிமை தானாக அமைந்ததன்று. 1972இல் மாலேக்கு அருகே குரும்பா என்ற முதல் விடுதி திறக்கப்பட்டபோது அது சில டஜன் எளிய அறைகள் கொண்ட இடம். இத்தாலியர்கள் முதலில் வந்தார்கள், சூரை மீனைச் சுட்டுச் சாப்பிட்டார்கள். அதற்குப் பிறகு அரசு வகுத்துக்கொண்ட ஏற்பாடு, ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்பது. மக்கள் வாழாத தீவுகளை மட்டும் நீண்டகாலக் குத்தகைக்கு விட்டு, வெளிநாட்டவரை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். மது, நீச்சலுடை போன்ற, உள்ளூர்ச் சட்டமும் மதமும் ஏற்காதவை அந்த எல்லைக்குள் நடக்கலாம். குடியிருப்புத் தீவுகளில் கூடாது. குடியிருப்புத் தீவுகளில் உள்ளூர் மக்கள் விருந்தினர் இல்லங்கள் நடத்தலாம் என்ற அனுமதி 2009க்குப் பிறகுதான் வந்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், அந்த நாட்டுக்கு வந்த பயணிகளில் பெரும்பாலோர் அந்த நாட்டவர் வாழும் ஒரு தெருவையும் பார்க்காமல் திரும்பிப் போயிருக்கிறார்கள். சமயக் காரணத்துக்காகப் போட்ட வேலி, பின்னாளில் 'தனிமை' என்ற பெயரில் உலகத்திலேயே விலை உயர்ந்த சரக்குகளில் ஒன்றானது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

மணலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே இருந்த நாட்களில் நான் மிகுதியாகப் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான். நம் கடற்கரை மணல் ஆறுகள் கொண்டுவந்த கல்லின் தூள். அங்கே ஆறே இல்லை. மணல் முழுவதும் உயிர்களிடமிருந்து வந்தது. பவளம், சிப்பி, சுண்ணாம்பு உடல் கொண்ட பாசி ஆகியவற்றின் துகள்கள் அவை. வெண்மையாக இருப்பதால் நண்பகலிலும் கால் சுடுவதில்லை. இந்த மணலைச் செய்வதில் கிளிமீனுக்குப் பெரும்பங்கு உண்டு. கிளியின் அலகைப் போன்ற வாயால் பவளப்பாறையைச் சுரண்டித் தின்னும் இம்மீன், பாசியைச் செரித்துவிட்டுச் சுண்ணாம்பை மணலாகக் கழிக்கிறது. இதே பா அடோலில் உள்ள வக்காரு தீவின் பாறைத்திட்டில் செய்யப்பட்டு 2015இல் வெளியான ஆய்வு ஒன்று, அங்கே புதிதாக உருவாகும் மணலில் 85 சதவீதத்துக்கும் மேற்பட்டதைக் கிளிமீன்களே உண்டாக்குகின்றன என்று கணக்கிட்டது. நீருக்குள் முகத்தை வைத்துக் காதைத் தீட்டினால் அவை பாறையைக் கடிக்கும் ஓசை, முறுக்கைக் கடிப்பதுபோல் தெளிவாகக் கேட்கிறது. கழிவைத்தான் மணல் என்கிறோம் என்று தெரிந்த பிறகு, கடற்கரையில் விரித்த வெள்ளைத் துணியில் இரவு உணவு பரிமாறப்பட்டபோது அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அந்த மணல் ஓரிடத்தில் நிற்பதுமில்லை. வடகிழக்குக் காற்றுக் காலத்தில் தீவின் ஒரு பக்கம் குவியும் மணல், தென்மேற்குக் காற்றுக் காலத்தில் கரையோரமாகவே நகர்ந்து மறுபக்கம் போய்ச் சேர்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை கடற்கரை தீவைச் சுற்றி இடம் மாறி, மீண்டும் பழைய இடத்துக்கு வருகிறது. பா அடோலின் தீவுகளை அளந்த ஆய்வாளர்கள் இந்த நகர்வை 2006இலேயே பதிவு செய்திருக்கிறார்கள். தீவுக்கு இது இயல்பு. மக்கள் வாழும் தீவுகளில் முன்பெல்லாம் வீடுகளைக் கரையை விட்டுத் தள்ளியே கட்டினார்கள். விடுதிக்கோ இது பெருந்தொல்லை. ஒவ்வொரு குடிலின் வாசலிலும் ஆண்டு முழுவதும் கடற்கரை இருக்க வேண்டும், படத்தில் இருந்ததுபோலவே இருக்க வேண்டும். எனவே கடலடியிலிருந்து மணலைக் குழாய் வழியாக உறிஞ்சிக் கரையில் கொட்டுகிறார்கள். கற்களையும் மணல் மூட்டைகளையும் அடுக்கித் தடுப்பு அமைக்கிறார்கள். ஓரிடத்தில் தடுத்தால் அடுத்த இடம் அரிக்கிறது. எங்கள் குடிலிலிருந்து நான்காவது ஐந்தாவது குடிலுக்கு அப்பால் கடற்கரையே இல்லை. வேர் வெளியே தெரிந்த தென்னைகள் கடலை நோக்கிச் சாய்ந்திருந்தன. எல்லாரும் நின்று படம் எடுத்துக்கொண்ட இடம் அதுதான்!

விடியற்காலையில் எழுந்து நடந்தால் இன்னொன்றும் தெரியும். வங்கதேசத்துத் தொழிலாளிகள் வரிசையாக நின்று மணலை வாரிக்கொண்டிருப்பார்கள். இரவில் ஒதுங்கிய இலை, பாசி, தேங்காய் மட்டை, முந்தைய நாள் காலடித் தடம் ஆகிய அனைத்தும் போய், கோலம் போடுவதற்காகப் பெருக்கிய வாசலாகக் கரை ஆகிவிடும். காலை உணவுக்கு முன் அவர்கள் மரங்களுக்குப் பின்னால் மறைந்துவிடுவார்கள். மனிதர் கால் படாத கரை என்று நாம் நினைப்பதற்காக, நம் கால் படுவதற்கு முன் சிலர் உழைத்துவிட்டுப் போகிறார்கள்.

அந்த மரங்களுக்குப் பின்னால் இருப்பதைக் காட்டும் நடைப்பயணம் ஒன்றை விடுதியே வாரம் ஒருமுறை நடத்துகிறது. கேட்டவர்கள் எங்களையும் சேர்த்து விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். என்னைக் கேட்டால், அந்தத் தீவில் பணம் வாங்காமல் காட்டிய பகுதிதான் பார்க்க வேண்டிய பகுதி. தாழைப் புதருக்கும் உயர்ந்த பச்சை வேலிக்கும் அப்பால், தீவின் நடுவில் ஒரு சிற்றூர் இருக்கிறது. ஊழியர் குடியிருப்பு, பள்ளிவாசல், கால்பந்துத் திடல், தேநீர்க்கடை, தச்சுப் பட்டறை, சலவைக்கூடம். விருந்தினரைவிட ஊழியர்கள் எண்ணிக்கையில் அதிகம். மாலத்தீவினர், வங்கதேசத்தினர், இலங்கையர், நேபாளியர், பிலிப்பினோக்கள், மலையாளிகள் என்று அந்த ஊரின் மக்கள்தொகை அமைந்திருந்தது. நாடு முழுவதுமே அப்படித்தான். 2022 கணக்கெடுப்பின்படி அங்கே வசிக்கும் ஐந்து லட்சத்துச் சொச்சம் பேரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வெளிநாட்டவர்.

குடிநீர் கடல்நீரிலிருந்து வருகிறது. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் சென்னைக்காகச் செய்வதையே அங்கே சிறிய அளவில் செய்கிறார்கள்; அழுத்தத்தில் சவ்வின் வழியாகக் கடல்நீரைப் பிழிந்து உப்பை நீக்குகிறார்கள். ஆயிரம் லிட்டருக்குக் குறைந்தது மூன்று யூனிட் மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரம் பெரும்பாலும் டீசல் மின்னாக்கிகளிலிருந்து வருகிறது. பணியாளர் கூரைகளின் மேல் சூரியத் தகடுகளும் இருந்தன, ஆனால் அவை பகல் தேவையில் ஒரு பகுதியைத்தான் தாங்குகின்றன. டீசலைக் கப்பல் கொண்டுவருகிறது. நாங்கள் ஒவ்வொருவரும் குடிலுக்கென்று இருந்த சிறு நீச்சல் குளத்தில், கடலிலிருந்து பத்தடி தள்ளி, டீசல் செலவழித்துச் செய்த நன்னீரில் மிதந்துகொண்டிருந்தோம் என்பதை அங்கே நின்றுதான் உணர முடிந்தது. மின்னாக்கியின் இரைச்சல் குடில்களுக்குக் கேட்காதபடி சுவரும் மரமும் வைத்து மறைத்திருக்கிறார்கள். ஊழியர் குடியிருப்புக்கு நன்றாகவே கேட்கிறது.

சமையற்கூடத்தின் பின்வாசலில் சரக்குப் படகு வந்து நின்றிருந்தது. அக்கா முகம் மலர்ந்ததை அந்தப் பயணத்திலேயே அங்கேதான் பார்த்தேன். தக்காளிப் பெட்டி, முட்டை, அரிசி, பன்னாட்டுப் பழங்கள், அவற்றுக்கிடையில் சிவப்பு வலைச் சாக்கில் வெங்காயம். இந்தியாவும் மாலத்தீவும் 1981இல் செய்துகொண்ட வணிக ஒப்பந்தத்தின்படி அரிசி, கோதுமை மாவு, சர்க்கரை, பருப்பு, உருளைக்கிழங்கு, வெங்காயம், முட்டை, ஆற்று மணல், ஜல்லி ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் ஓர் அளவு ஒதுக்கப்படுகிறது. இந்தியாவில் ஏற்றுமதித் தடை இருக்கும் ஆண்டிலும் இவை போகும். இரு அரசுகளுக்கும் மனக்கசப்பு முற்றியிருந்த 2024இல்கூட மணலுக்கும் ஜல்லிக்குமான அளவைத் தலா பத்து லட்சம் டன்னாக உயர்த்தியே அனுமதித்தார்கள். வெண்மணல் நாட்டுக்குக் கட்டடம் கட்ட நம் ஆற்று மணல் போகிறது. பவளப்பாறையை வெட்டிக் கட்டிய காலம் போய்விட்டதால், காங்கிரீட்டுக்கு வேறு வழியில்லை. அந்த வெங்காயம் எந்தத் துறைமுகத்திலிருந்து வந்தது என்று படகுக்காரரிடம் அக்கா கேட்டாள். மாலே சந்தையில் ஏற்றியது, அதற்கு முன் எங்கே என்று தெரியாது என்றார் அவர். அக்காவுக்கு அதில் ஐயமே இல்லை. சாக்கின் கட்டைப் பார்த்தாலே அவளுக்குத் தெரியுமாம்.

அங்கேதான் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர் ஒருவரைச் சந்தித்தோம். காய்கறி வெட்டும் பிரிவில் வேலை. எங்கள் பேச்சைக் கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். பதினோரு மாதம் வேலை, ஒரு மாதம் ஊர். சம்பளத்தைவிட, கட்டணத்தோடு சேர்த்து வசூலிக்கும் பத்து சதவீதச் சேவைக் கட்டணத்தில் வரும் பங்கையே நம்பியிருப்பதாகச் சொன்னார்; கூட்டம் குறைந்த மாதங்களில் அது பாதியாகிவிடும். மலிவான பருவத்தில் வந்திருக்கிறோம் என்று நாங்கள் மகிழ்ந்துகொண்டிருந்ததன் மறுபக்கம் அது. "கடல் நமக்குப் புதுசா அக்கா? புள்ளைக பள்ளிக்கூடம் சேர்க்கும்போது ஊர்ல இல்லையேன்னுதான்" என்றார். மறுநாள் காலை எங்கள் மேசைக்கு, பட்டியலில் இல்லாத தேங்காய்ச் சட்னியும் தோசையும் வந்தன. தோசை சுமார்தான்; சட்னி அருமை.

கடலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அறையிலிருந்து இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் பாறை விளிம்பு. அதற்கு அப்பால் தரை திடீரென்று விழுந்து கருநீலமாகிவிடுகிறது. முழங்கால் நீரில் துடுப்பின் முனை கறுத்த சுறாக்குட்டிகள் சுற்றிக்கொண்டிருந்தன. மாலத்தீவு தன் கடல் முழுவதிலும் சுறா பிடிப்பதை 2010இல் தடைசெய்தது. செத்த சுறாவைவிட உயிருள்ள சுறாவால் வருமானம் அதிகம் என்ற கணக்கு அதன் பின்னால் இருந்தாலும், விளைவு நல்லதே. ஓர் அழுங்காமை பாறையில் தலையை நுழைத்து எதையோ பிய்த்துத் தின்றது. எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் பவளம் என்று நாம் படங்களில் பார்க்கும் வண்ணங்கள் அங்கே குறைவு. 1998இலும் 2016இலும் கடல் சூடேறியபோது பவளங்கள் வெளுத்துப் பெருமளவில் மடிந்தன. தேறிவந்தவை 2024இல் மீண்டும் அடிபட்டன. கிளைகள் முறிந்த சாம்பல்நிறப் பாறையின் இடையிடையே இளஞ்சிவப்பாகவும் ஊதாவாகவும் கையகலத் துளிர்ப்புகள். இரும்புச் சட்டங்களில் பவளத் துண்டுகளைக் கட்டி வளர்க்கும் வேலையை விடுதியின் கடல் உயிரியலாளர் செய்துவருகிறார். பணம் கொடுத்தால் நம் பெயரில் ஒரு சட்டத்தை இறக்குவார்கள். அந்த மனிதர் நேர்மையானவர். கடல் மறுபடியும் சூடேறினால் இவையும் வெளுக்கும் என்பதை அவரே சொல்லிவிட்டார்.

ஹனிஃபாரு வளைகுடாவுக்குப் போன காலையில் மழை விடாமல் பெய்தது. பா அடோலை யுனெஸ்கோ 2011இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்ததற்கு இந்தச் சிறிய வளைகுடா ஒரு முக்கியக் காரணம். தென்மேற்குப் பருவத்தில், பௌர்ணமியையும் அமாவாசையையும் ஒட்டிய நாட்களில், ஓதம் மிதவை உயிரிகளைப் புனல் போன்ற இந்த மூலைக்குள் தள்ளிச் சேர்த்துவிடுகிறது. அதைத் தின்னக் கொம்புத் திருக்கைகள் வருகின்றன. காற்றுருளை கட்டி மூழ்குவது 2012 முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. மேலே மிதந்து பார்க்கலாம், அதுவும் முக்கால் மணி நேரம்தான், காவலர்கள் நேரம் பார்க்கிறார்கள். முதலில் கலங்கிய நீரைத் தவிர எதுவும் தெரியவில்லை. பிறகு எங்களுக்கு நேர் கீழே, ஆள் உயரத்தின் இருமடங்கு அகலத்தில் ஒரு நிழல் வாயைத் திறந்தபடி வந்து, தலைகீழாகப் புரண்டு, வெள்ளை வயிற்றைக் காட்டிவிட்டு வளைந்து போனது. அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் ஒரு வரிசை. நீந்தத் தெரியாத அக்கா, மிதவை உடையுடன் வழிகாட்டிப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு மிதந்தாள். படகில் ஏறியதும் அவள் பேசாமல் இருந்ததே எனக்கு அச்சமாயிற்று; பிறகுதான், "கொடுத்த காசு இதுக்கே சரியாப்போச்சு" என்றாள்.

காசு என்றதும் வரிகள் நினைவுக்கு வருகின்றன. இணையத்தில் காட்டும் கட்டணத்தை நம்பிப் புறப்படுகிறவர்கள் கவனிக்க: சேவைக் கட்டணம் பத்து சதவீதம், அதன் மேல் சுற்றுலாவுக்கான சரக்கு சேவை வரி 2025 ஜூலை முதல் 17 சதவீதம், அதற்கும் மேல் பசுமை வரி விடுதிகளில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 12 டாலர். கடல் விமானக் கட்டணம் தனி, அதுவும் சாதாரணத் தொகையன்று. தீவில் வேறு கடை கிடையாது என்பதால், ஒரு குவளைச் சாறு வாங்கினாலும் அவர்கள் சொன்னதே விலை. மூன்று வேளை உணவும் சேர்த்தே முன்பதிவு செய்வதுதான் நம்மைப் போன்றவர்களுக்கு ஏற்றது.

விடுதியில் எனக்குக் குறையாகத் தெரிந்தது உணவில் இருந்த நாடின்மை. ஜப்பானிய உணவு, இத்தாலிய உணவு எல்லாம் உண்டு. மாலத்தீவு உணவுக்கு வாரத்தில் ஓர் இரவு. காலை மேசையின் ஒரு மூலையில் மட்டும் மாஸ் ஹுனி சிறு கிண்ணத்தில் இருக்கும்: சூரை மீனைப் பிய்த்துத் தேங்காய்த்துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பிசைந்து, ரொட்டியோடு தின்பது. அக்கா முதல் வாயிலேயே தலையை ஆட்டிக்கொண்டாள். மாசிக் கருவாட்டை இடித்துத் தேங்காயோடு சம்பல் செய்து வளர்ந்த வீடு எங்களுடையது. நம் பக்கத்துக்கும் இலங்கைக்கும் மாசி வந்ததே இந்தத் தீவுகளிலிருந்துதான். வலை போடாமல் தூண்டிற்கழியால் ஒவ்வொன்றாகச் சூரையைப் பிடித்து, வேகவைத்து, புகையூட்டி, கட்டைபோல் காயும்வரை வெயிலில் வைக்கிறார்கள்.

அந்த மாசிக்காகவே கடைசி இரண்டு இரவுகளைத் தரவந்தூ தீவில் ஒரு விருந்தினர் இல்லத்தில் கழித்தோம். அதே அடோல், அதே கடல், ஹனிஃபாரு இன்னும் அருகில். 2012 முதல் உள்நாட்டு விமான நிலையமும் இருப்பதால் கடல் விமானம் தேவையில்லை. அங்கே கடிகாரம் நாட்டின் நேரத்தைக் காட்டியது. ஐந்து வேளையும் பாங்கொலி கேட்டது. நீச்சலுடை அணிய ஊரார் ஒதுக்கிய கரை தனியே ஒன்று இருந்தது; மற்ற இடங்களில் சேலையும் சுடிதாரும் எங்களை ஊரோடு ஊராக்கின. மாலையில் பெண்கள் கடற்கரையில் கயிற்றால் பின்னிய இருக்கைகளில் சாய்ந்து கதை பேசிக்கொண்டிருந்தார்கள். அக்காவைத் தங்களோடு உட்காரச் சொன்னவர்களிடம், அவள் தமிழிலும் அவர்கள் தங்கள் மொழியான திவேகியிலும் இடையிடையே இந்தித் தொடர்களிலுமாக மாசி விலையை விசாரித்து முடித்தாள்.

இரண்டையும் பார்த்தவள் என்ற முறையில் என் கருத்தைக் கேட்டால், புதுமணத் தம்பதியர் விடுதிக்கே போகட்டும். அது அவர்களுக்கென்றே செய்த இடம். மற்றவர்கள் விடுதியில் ஓரிரு இரவு தங்கி, அந்தப் பின்பக்க நடைப்பயணத்தைத் தவறாமல் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, மீதி நாட்களைக் குடியிருப்புத் தீவில் கழிக்கலாம்; விடுதியின் ஓர் இரவுக் கட்டணத்தில் அங்கே ஒரு வாரம் தாராளமாக இருக்கலாம். வெள்ளிக்கிழமைகளில் அரசுப் படகுகள் ஓடாமல் போகலாம் என்பதால் புறப்படும் நாளைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். மதுப்புட்டிகளை ஊரிலிருந்து கொண்டுபோகக் கூடாது. விமான நிலையத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, திரும்பும்போதுதான் கொடுப்பார்கள். மாசி வாங்குவதானால், விமான நிலையக் கடையில் வேண்டாம், தீவிலேயே வாங்கி, மூன்று உறைகளுக்குள் கட்டிக்கொள்ளுங்கள். நாங்கள் இரண்டு உறைகளில் கட்டியிருந்தோம். திருவனந்தபுரத்துச் சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்காமலேயே என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.